கையை மடியில் வைத்துக்கொண்டு நான் போட்ட சண்டை

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் ஐம்பத்தெட்டாவது லெவல் வரை போன வீராங்கனை நான். மூன்றே மாதத்தில் ஓநாய், எலும்புக்கூடு, இரண்டு தலை பூதம் என்று ஒன்று விடாமல் வெட்டிச் சாய்த்தவள். அவற்றில் ஒன்றைக்கூட நான் அடிக்கவில்லை. பாதிக்கு மேல் அடிபட்டதை நான் பார்க்கவும் இல்லை.

இதை எழுதும்போது வெட்கத்தைவிடக் கோபம்தான் அதிகமாக வருகிறது. சண்டை போடுவதுதான் விளையாட்டு என்று சொல்லி ஒன்றைச் செய்துவிட்டு, "அந்தச் சண்டையை நீ போட வேண்டாம், நாங்களே போட்டுக்கொள்கிறோம்" என்று ஒரு பொத்தானையும் வைத்தானே, அந்தப் புண்ணியவானை நான் ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும். வீட்டுக்குக் கூப்பிட்டு, இலை போட்டு, பிரியாணி வைத்து, அவன் கண்ணெதிரே அவன் பங்கையும் நானே சாப்பிட்டு முடித்து, "வயிறு நிறைந்ததா?" என்று கேட்க வேண்டும். அப்போதாவது அவனுக்குப் புரிகிறதா பார்க்கலாம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் நெட் வைத்திருப்பவர்களைப் பெரிய மனிதர்களாக நாங்கள் நினைத்த காலம். பரீட்சை முடிவு பார்க்க வேண்டுமென்றாலும், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றாலும், காதலிக்குக் கடிதம் அனுப்ப வேண்டுமென்றாலும் பிரவுசிங் சென்டருக்குத்தான் வந்தாக வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய டோல்கேட் பகுதியில், ஹைரோட்டைப் பார்த்த ஒரு மாடியில், பத்து கம்ப்யூட்டர்களோடு இருந்த அப்படியொரு சென்டரில் நான் வேலை பார்த்தேன். யார் எப்போது உட்கார்ந்தார் என்று எழுதுவது, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது, கப்பல் வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு அவர்களிடம் இல்லாத திறமைகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது, கதவு போட்ட தடுப்புக்குள் யாராவது அதிக நேரம் அமைதியாக இருந்தால் தொண்டையைச் செருமுவது, இவைதான் என் வேலைகள்.

முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கீழே மளிகைக் கடையும் மேலே கம்ப்யூட்டர் கடையும் நடத்தியவர். இரண்டையும் ஒரே கண்ணோடுதான் பார்ப்பார். மவுஸ் ரிப்பேர் என்றால், "நேத்து வந்த சரக்கா, பழசா?" என்று கேட்பார். நல்ல மனிதர். என்னைப் பேர் சொல்லிக்கூட அழைக்கமாட்டார், "எம்மா" என்றுதான் அழைப்பார்.

கூட்டம் வரவேண்டுமென்று அவர்தான் யாரோ சொன்னதைக் கேட்டு அந்த விளையாட்டை எல்லா கம்ப்யூட்டரிலும் போட்டுவைத்தார். கொரியாவோ சீனாவோ, எங்கிருந்தோ வந்தது. நமக்கென்று ஒரு வீரரையோ வீராங்கனையையோ உருவாக்கிக்கொண்டு, காடு மேடெல்லாம் அலைந்து, எதிர்ப்படுவதை அடித்து, லெவல் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். என் வீராங்கனைக்குப் பரிமளா என்று என் பெயரையே வைத்தேன். (வேறு பெயர் வைத்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சமாவது தப்பித்திருப்பேன்.)

முதல் நாளே ஒரு காட்டுப்பன்றி என்னைக் கொன்றது. அடுத்தடுத்த இரண்டு நாளும் அதே பன்றி. நான்காம் நாள், திரையின் மூலையில் ஒரு சின்னப் பொத்தானைப் பார்த்தேன். அமுக்கினேன். அவ்வளவுதான், பரிமளா தானாகவே வாளை உருவி, தானாகவே பன்றியைத் தேடிப்போய், தானாகவே வெட்டிவிட்டு, தானாகவே அடுத்த பன்றியைப் பார்க்கப் போய்விட்டாள். காயம் பட்டால் மருந்தையும் தானே குடித்துக்கொண்டாள். இப்படி ஒரு பெண் நம் வீட்டில் பிறக்கவில்லையே என்று எங்கள் அம்மா ஏங்கியிருப்பார்.

எனக்கோ அது வரப்பிரசாதமாகத் தெரிந்தது. வேலைக்கு நடுவே விளையாட நேரம் ஏது? பொத்தானை அமுக்கிவிட்டுப் பிரிண்ட் எடுக்கப் போவேன், வந்து பார்த்தால் ஒரு லெவல் ஏறியிருக்கும். முதல் வாரம் கண்கொட்டாமல் பார்த்தேன். இரண்டாவது வாரம் அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து அதை ஓடவிட்டுவிட்டு வாரப்பத்திரிகையில் தொடர்கதை படித்தேன். அடுத்த அத்தியாயத்தில் கதாநாயகிக்கு என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டேனே தவிர, பரிமளாவைப் பற்றி எனக்குத் துளிக் கவலை இல்லை. செத்தால் அவளே எழுந்துகொள்வாள்.

ஆனால் பெருமை மட்டும் நாளுக்கு நாள் ஏறியது. இதுதான் அந்தப் பொத்தானின் அயோக்கியத்தனம். விளையாடவும் விடாது, விளையாட்டை விடவும் விடாது. சலிப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் ஓடவிடுவேன், எங்கே லெவல் நின்றுவிடுமோ என்று. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "நான் இப்போ அம்பத்தாறு" என்று சொல்வேன். பாஸ்போர்ட் விண்ணப்பிக்க வந்த ஒரு பெரியவர், "பார்த்தா அவ்வளவு தெரியலயேம்மா" என்றார்.

இந்தப் பெருமைதான் என்னைக் கொண்டுபோய் அம்மாவிடம் மாட்டிவிட்டது.

என் அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். துறைமுகத்திலிருந்து கிளம்பினால் பத்து நாளைக்கு வரமாட்டார். வீட்டில் எல்லாமே அம்மாதான். அம்மாவுக்கு எர்ணாவூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கூடப் பிறந்த மூன்று பேரும் பாக்சிங் போட்டவர்கள் என்பதால், அம்மாவுக்குச் சண்டை என்றால் உயிர். சுற்றுவட்டாரத்தில் எங்கே மேடை கட்டி பாக்சிங் நடந்தாலும், வேலை முடிந்த கையோடு அங்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். சாமி கும்பிடும்போதுகூட அம்மா அவ்வளவு கவனமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஜெயிப்பது தோற்பது பற்றி அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எதிரே நிற்பவனைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கை வீசுகிறவனைத்தான் அவருக்குப் பிடிக்காது.

அப்படிப்பட்டவருக்கு என் வேலை பிடிக்கவில்லை. பிரவுசிங் சென்டர் என்றால் கதவு போட்ட தடுப்பு, தடுப்புக்குள் கெட்ட படம் என்று எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் பேச்சு இருந்தது. மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் பெண் அங்கே வேலை செய்யலாமா என்று நாலு பேர் கேட்டார்கள். ஒருநாள் அம்மா நேராகவே கேட்டார்.

"காலீல போற, பொயுது சாஞ்சி வர்ற. அங்க குந்திகினு இன்னாதான் பண்ற?"

"வேல பாக்கறேம்மா."

"இன்னா வேல? பட்டன் அமுக்கற வேலயா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சண்ட போடறேன்" என்றேன். எங்கள் வீட்டில் மதிப்பு வாங்க வேண்டுமென்றால் சண்டை என்ற வார்த்தை வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "கம்ப்யூட்டர்ல பெரிய சண்ட. டோல்கேட்லயே நான்தான் மொத ஆளு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அம்மா முன்னாலிருந்த அரிவாள்மணையைத் தள்ளிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலுமே."

"அப்போ நான் வந்து பாக்கறேன். சோக்கா சண்ட போட்டீன்னா, எவன் இன்னா சொன்னாலும் நீ வேலைக்கி போ. நான் கேட்டுக்கறேன். சும்மா கத வுட்டுகினு கீறன்னு தெரிஞ்சுதுன்னு வையி, தையோட நின்னுடு. வூட்ல குந்து. பொண்ணு பாக்க வர சொல்லிடறேன்."

ஆக, என் வேலை, நான் தினமும் பஸ் ஏறி வெளியே போய்வருவது, என் கையில் இருந்த கொஞ்சநஞ்ச சுதந்திரம், எல்லாம் பரிமளாவின் வாள் நுனியில் போய் நின்றன. நான் கவலைப்பட்டேனா என்றால், இல்லை. பரிமளாதான் ஐம்பத்தெட்டில் இருந்தாளே.

அண்ணாச்சியிடம் சொன்னதும் அவர் குஷியாகிவிட்டார். ராயபுரத்தில் அவர் மச்சினரும் இதேபோல ஒரு சென்டர் வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் எதிலும் ஆகாது. "எம்மா, அவன் கடையில ஒரு பையன் நல்லா விளையாடுதான்னு பீத்திக்கிட்டுத் திரியுதான். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுதேன். நீ அவனை ஒரு கை பாத்துருவியா?" என்றார். பார்த்துவிடுவேன் என்றேன். ஒரு கைகூட வேண்டியிருக்காது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னையே கன்னத்தில் அறையலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போட்டி. ராயபுரத்திலிருந்து ஸ்டீபன் வந்தான். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பிளான்ட் ஒன்றில் வேலை பார்க்கிறவன், என்னைவிட ஒரு வயது சின்னவன். முப்பத்தோராவது லெவலில் இருக்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். எனக்குப் பாவமாக இருந்தது. "பரவால்ல, சும்மா பழக்கத்துக்கு ஆடு" என்று ஆறுதல் சொன்னேன்.

அம்மா தனியாக வருவார் என்று நினைத்திருந்தேன். எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் வந்தார்கள். சண்டை என்று அம்மா சொல்லிவிட்டாரே, எப்படி வராமல் இருப்பார்கள்? பத்து பேர் இருக்கவேண்டிய அறையில் முப்பது பேர் நின்றார்கள். ஏ.சி. தன் வாழ்நாளில் அப்படியொரு சோதனையைக் கண்டதில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் ஏழுமலை மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், ஒரு காலத்தில் பாக்சிங் போட்டவர், பிறகு போடுகிறவர்களுக்கு மூலையில் நின்று தண்ணீர் கொடுப்பவர். மாதவரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தோளில் ஒரு துண்டு, ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அந்த வாளிக்குள் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும், கக்கத்தில் ஒரு மர முக்காலி.

அண்ணாச்சிக்கு வாளியைப் பார்த்ததும் வேர்த்துவிட்டது.

"கம்ப்யூட்டர் பக்கத்துல வாளி எதுக்கு?"

"துப்பறதுக்கு" என்றார் மாமா.

"யாரு துப்பப் போறா?"

"கொயந்த வாய் கொப்புளிச்சா எங்க துப்பும்? உன் தரையிலயா?"

தட்டும் கரண்டியும் மணி அடிப்பதற்காம். முக்காலி, ரவுண்டுக்கு நடுவே நான் உட்காருவதற்கு. நான்தான் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனே என்று சொல்லிப் பார்த்தேன். "அது வேற, இது வேற" என்றார் மாமா. எங்களுக்குத் தெரிந்த சண்டை ஒன்றுதான். அதற்கு என்ன மரியாதை உண்டோ அத்தனையையும் மாமா இரண்டு பஸ் மாறிச் சுமந்து வந்திருந்தார்.

பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் நானும் ஸ்டீபனும் உட்கார்ந்தோம். திரையில் ஒரு கோதா. இந்தப் பக்கம் பரிமளா, அந்தப் பக்கம் அவனுடைய வீரன். மாமா தட்டில் ஓங்கி அடித்தார். நான் மூலையிலிருந்த பொத்தானை அமுக்கிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

இருபது வினாடி இருக்கும். பரிமளா பாய்ந்தாள், நான்கு முறை வெட்டினாள், ஸ்டீபனின் வீரன் விழுந்தான். நான் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தேன், கைதட்டலை வாங்கிக்கொள்ள.

ஒருவர்கூடக் கைதட்டவில்லை. அண்ணாச்சி மட்டும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சுற்றிப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அம்மா எழுந்து என் நாற்காலி அருகில் வந்தார்.

"இப்ப யாரு அடிச்சது?"

"நான்தாம்மா."

"நீயா? உன் கை மடியில கீதே."

"அது... அதுவா அடிக்கும்மா. பட்டன் போட்டுட்டா போதும்."

"அது பாட்டுக்கு அடிக்குதுன்னா, நீ இன்னாத்துக்கு இங்க குந்திகினுகீற?"

மூன்று மாதத்தில் இந்தக் கேள்வியை நான் ஒரு தடவையாவது என்னையே கேட்டிருக்க வேண்டும். ஐந்து நிமிடம்கூட அந்த விளையாட்டைப் பார்க்காத என் அம்மா கேட்டார்.

"அந்த ரவுண்டு செல்லாது" என்று அம்மா அறிவித்தார்.

அண்ணாச்சி குறுக்கே வந்தார். "எம்மா, அது விளையாட்டுலயே உள்ளதுதான். தப்பில்ல பாத்துக்கிடுங்க."

"இருந்தா? ரிங்குல ஸ்டூலு கூடத்தான் கீது. அத்த தூக்கியா அடிக்கறான்?"

"பரவால்ல ஆன்ட்டி, நான் தோத்துட்டேன்" என்று ஸ்டீபன் எழப் பார்த்தான். அம்மா அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். "நீ கம்முனு குந்து நைனா. நீ ஒயுங்கா ஆடின. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

அப்போதாவது நான், எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. "சரி, பட்டன் இல்லாமயே ஆடறேன்" என்றேன். மூன்று மாதம் ஆடிய விளையாட்டு எனக்குத் தெரியாமலா போகும் என்று சத்தியமாக நம்பினேன். பொத்தானை நிறுத்தினேன். மாமா தட்டில் அடித்தார்.

ஸ்டீபனின் வீரன் முன்னால் வந்தான். பரிமளா அசையவில்லை. என் கண் கீபோர்டுக்குப் போனது. அத்தனை எழுத்துகள். எது வாள்? ஒன்றை அமுக்கினேன். பரிமளா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓய்வெடுக்க ஆரம்பித்தாள். பதறிப்போய் இன்னொன்றை அமுக்கினேன். எழுந்து, ஸ்டீபனின் வீரனைப் பார்த்து இடுப்பை வளைத்து வணக்கம் சொன்னாள். அவனும் நின்று பதிலுக்கு வணக்கம் சொன்னான். "மரியாத தெரிஞ்ச பொண்ணு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். அடுத்த எழுத்துக்கு ஒரு பெரிய வரைபடம் வந்து திரையையே மறைத்துக்கொண்டது. அதை மூடத் தெரியாமல் இரண்டு மூன்று எழுத்துகளைச் சேர்த்து அடித்தேன். வரைபடம் போனது, பரிமளா தலைக்கவசத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எங்கிருந்தோ ஒரு குதிரை வந்தது. அதில் ஏறி, கோதாவின் சுவருக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நானும் அப்படியே போயிருக்கலாம் என்று தோன்றியது.

ஐம்பத்தெட்டு லெவல்காரி என்பதால் உடனே சாகவும் இல்லை. ஸ்டீபன் அடிக்க அடிக்க, கொஞ்சம் கொஞ்சமாக உயிர் குறைந்தது. சீக்கிரம் செத்தாலாவது மானம் மிஞ்சியிருக்கும். சும்மா ஏற்றிய லெவல் அதற்குக்கூட உதவவில்லை.

மாமா மணி அடித்தார். என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி முக்காலியில் உட்கார வைத்தார். முகத்தைத் தண்ணீரால் துடைத்தார், வாய் கொப்புளிக்க வைத்தார், வாளியை நீட்டினார். துண்டால் விசிறிக்கொண்டே, ரகசியமாக யோசனை சொன்னார்.

"பயப்படாத கண்ணு. அவன் எடது பக்கம் தொறந்து கீது. அங்க குடு."

"எந்த பட்டன் மாமா?"

மாமா விசிறுவதை நிறுத்தினார். "அத்த நீதான் கண்ணு சொல்லணும்."

அப்போது ஸ்டீபன் பக்கத்திலிருந்து சாய்ந்து, என் காதில் மட்டும் விழும்படி மெதுவாகச் சொன்னான். "அக்கா, ஒண்ணாம் நம்பர அமுக்குங்க, வாளு வரும். ரெண்ட அமுக்குனா வெட்டும்." அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் முப்பது பேர் காதிலும் விழுந்தது. எதிரியே அடிக்கச் சொல்லிக்கொடுக்கிற நிலைமை எந்தச் சண்டைக்காரிக்கும் வரக்கூடாது. அம்மாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

அடுத்த ரவுண்டு. ஒன்றை அமுக்கினேன். பரிமளா குதிரையிலிருந்து இறங்கி வாளை உருவினாள். பிளாக்கே விசிலடித்தது. அம்மாகூட, "ஆங், அப்டித்தான்" என்றார். இரண்டை அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன். பரிமளா ஆவேசமாக ஓடி, ஸ்டீபனின் வீரனைத் தாண்டிப் போய், மூலையிலிருந்த ஒரு தூணை வெட்ட ஆரம்பித்தாள். அவளைத் திருப்பத் தெரியவில்லை. தூணை வெட்டு வெட்டென்று வெட்டுகிறாள். பின்னாலிருந்து அவன் அடிக்கிறான். இல்லை, அவனும் அடிப்பதை நிறுத்திவிட்டான். பாவம், எப்போது திரும்புவாள் என்று காத்துக்கொண்டு நின்றான்.

அதற்கு மேல் மாமாவால் பொறுக்க முடியவில்லை. பாக்சிங்கில் தன் ஆள் இனி தாங்கமாட்டான் என்று தெரிந்தால், மூலையில் நிற்பவர் துண்டை எடுத்து ரிங்குக்குள் வீசுவார். ஆட்டம் முடிந்தது, என் பிள்ளையை விட்டுவிடு என்று அர்த்தம். மாமா தோளிலிருந்த துண்டை எடுத்தார். ரிங் எது என்று ஒரு கணம் தேடினார். பிறகு மானிட்டர்மேல் வீசினார்.

அது என் முகத்தைத் துடைத்த ஈரத்துண்டு. அந்தக் காலத்துப் பெட்டி மானிட்டரின் முதுகில் போய் விழுந்து, உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. "ஐயோ, கரண்டு!" என்று அலறிக்கொண்டு அண்ணாச்சி பாய்ந்து மெயின் சுவிட்சை இறக்கினார். பத்து கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தில் அணைந்தன. ஏழாம் நம்பர் தடுப்பிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். அத்தனை கூச்சலுக்கும் நடுவில் ஒரு மணிநேரமாகப் பாஸ்போர்ட் விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தாராம். கடைசிப் பக்கமாம். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஐம்பத்தெட்டாவது லெவல் என்ன, முந்நூறாவது லெவல் இருந்தது.

அம்மா நேராக ஸ்டீபனிடம் போனார். அவன் கையைப் பிடித்து, மேலே தூக்கிக் காட்டினார். எங்கள் பிளாக் மொத்தமும் எனக்குத் தட்டாத கைகளை அவனுக்குத் தட்டியது.

ஹைரோட்டில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அம்மா முன்னால் நடந்தார், நான் பின்னால். அழுகையை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கோபப்படுவதுதான். அந்த விளையாட்டைத் திட்டினேன். அதைச் செய்தவனைத் திட்டினேன். விளையாட வருகிறவளை வேடிக்கை பார்க்க வைத்துவிட்டு, நீதான் விளையாடுகிறாய் என்று லெவல் கொடுத்து ஏமாற்றுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். எல்லாம் அந்தப் பட்டனை வைத்தவன் தப்பு என்றேன்.

அம்மா நின்று திரும்பினார்.

"அவன் வெச்சான். அமுக்குனது யாரு?"

"சரிம்மா. நாளைலேர்ந்து போவல. வூட்லயே குந்தறேன்" என்றேன். நிஜமாகவே சொன்னேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மறுபடி அந்த மாடிப்படி ஏறுவது?

அம்மாவுக்கு அப்போதுதான் உண்மையான கோபம் வந்தது.

"இன்னாது? தோத்துட்டு வந்து குந்துவியா? எங்க அண்ணன் தம்பி எவனும் தோத்த கையோட கிளவுச கயட்டுனது இல்ல. அந்த பையன ஒரு வாட்டி அடிச்சிட்டு கயட்டு. அதுவரிக்கும் போ. மாப்பிள்ள கெடக்கறான், நிப்பான். நாளைக்கி காலீல எய்ந்து வேலைக்கி போற."

இப்படியாக, ஜெயித்துக் காப்பாற்ற நினைத்த வேலையைத் தோற்றுக் காப்பாற்றிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். பெருமூச்சு விட்டுவிட்டு, வாளிக்கு மட்டும் இனி அனுமதியில்லை என்றார். ஐம்பத்தெட்டு லெவல் பரிமளாவை அழித்துவிட்டு, ஒன்றாம் லெவலில் புதிதாக ஒருத்தியை உருவாக்கினேன். பொத்தான் பக்கமே போகவில்லை. அதே காட்டுப்பன்றி என்னைப் பதினோரு தடவை கொன்றது. அது எப்போது தலையைத் தாழ்த்துகிறது, எப்போது பாய்கிறது, பாய்ந்தபின் திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்றெல்லாம் வேலைக்கு நடுவில்கூட யோசித்துக்கொண்டிருந்தேன். வாரப்பத்திரிகை பிரிக்காமல் கிடந்தது. பன்னிரண்டாம் தடவை பன்றி செத்தது. நான் போட்ட சத்தத்தில் ஒருவர் பிரிண்ட் எடுக்காமலேயே எழுந்து போய்விட்டார். ஐம்பத்தெட்டு லெவலில் கிடைக்காதது ஒரு பன்றியில் கிடைத்தது. அதனால்தான் அந்தப் பொத்தான்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மூன்று மாதமாக என் பன்றிகளையெல்லாம் அது தின்றிருக்கிறது.

ஸ்டீபனை ஜெயிக்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. நடுவில் நான்கு முறை தோற்றேன். கல்யாணத்தைத் தள்ளிப்போடத்தான் வேண்டுமென்றே தோற்கிறாள் என்று பிளாக்கில் பேசிக்கொண்டார்கள். முதல் மூன்று தடவையைப் பொறுத்தவரை அது அபாண்டம்.

இது நடந்து இத்தனை வருடமாகியும் எங்கள் குடும்பம் என்னை விடவில்லை. துணி துவைத்துவிட்டேன் என்று சொன்னால், அம்மா வாஷிங் மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "யாரு தொவச்சது?" என்பார். சட்னி அரைத்தேன் என்றால், "யாரு அரச்சது?" என் கணவர் எர்ணாவூர்க்காரர், பொழுதுபோகாவிட்டால் போனில் இதே மாதிரி விளையாட்டுகளை ஓடவிட்டு, தண்ணீர்ப் பானைமேல் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்குவார். எழுந்து, "ஜெயிச்சிட்டேன்" என்பார். அப்போது நான் போடுகிற சண்டைக்குப் பொத்தானே தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் கல்யாண வீடியோ. தாலி கட்டி முடித்த நேரம். கெட்டி மேளம் ஓய்ந்துவிட்டது. ஐயர் சொன்னதையெல்லாம் பக்கத்திலிருப்பவர்களே எடுத்துக் கொடுத்து, குனிய வேண்டிய இடத்தில் என்னைக் குனிய வைத்து, நிமிர வேண்டிய இடத்தில் நிமிர வைத்து முடித்திருக்கிறார்கள். நான் தலையைக் குனிந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த அமைதியில், கூட்டத்துக்குள்ளிருந்து அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்கிறது.

"பரிமளா, கைய மேல எடுடி. அப்பறம் யாரு கல்யாணம் பண்ணிகினதுன்னு கேக்கப் போறாங்க."

அடுத்த காட்சியில், முந்நூறு பேர் பார்க்க, கழுத்தில் புதுத் தாலியோடு நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். என் மாமியார் அந்த இடம் வரும்போதெல்லாம் வீடியோவை நிறுத்தி, வீட்டுக்கு வந்தவர்களுக்கு முதலிலிருந்து கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.